குளிசை யாருடையது? ஏ.டி.எச்.டி.யோடு வளர்வதும் மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று இரண்டு தரம் கண்டுபிடித்தார்கள். முதல் தரம் 2002இல், 9 வயதில். அப்போது அது அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இரண்டாம் தரம் 2021இல், 28 வயதில், நானே தேடிப் போய்க் கேட்டபோது. இந்தக் கதையை ஒரு கலியாண வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து அன்ரிமார் பிள்ளைகளின் ரிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு ஃபோன் எடுக்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துத் தரம் சொல்லி அலுத்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

நான் டொக்டர் இல்லை. ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை. மருந்தின் வகையும் அளவும் டொக்டரோடு கதைத்து முடிவெடுக்க வேண்டியவை. அந்தக் கதைக்கு எதைக் கேட்டுக்கொண்டு போவது என்பதற்குத்தான் இது.

ஏ.டி.எச்.டி. என்றால் என்ன? எல்லாப் பிள்ளைகளும் குழப்படிதானே?

தமிழில் கவனக் குறைபாடும் மிகைச் செயற்பாடும் என்று எழுதுவார்கள். கவனம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. கவனம் இருக்கிறது, சொன்ன இடத்துக்குத்தான் வராது. "படம் பார்க்கும்போது மட்டும் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருக்கிறானே" என்று கேட்காத தாய் இல்லை. அது நோய் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. பிடித்த விஷயம் தானாகவே இழுத்துக்கொண்டு போகிறது. பிடிக்காத விஷயத்துக்கு நாங்கள் எங்களை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இழுபடாமல் நிற்பது அந்த இரண்டாவது இடத்தில்தான்.

டொக்டர்மார் கண்ணால் பார்த்து மட்டும் முத்திரை குத்துவதில்லை. பலரும் பாவிக்கும் அமெரிக்க உளநோய் வகைப்பாட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன: கவனம் பற்றி 9 அறிகுறிகள், துடிப்பும் அவசரமும் பற்றி 9. ஏதாவது ஒன்றில் 6 இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் என்றால் 5 போதும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே சில தெரிந்திருக்க வேண்டும். இதில் பெற்றோர் கோட்டைவிடுவது ஒரு நிபந்தனையைத்தான்: அறிகுறிகள் இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். கணக்கு ரீச்சரின் வகுப்பில் மட்டும் குழப்படி என்றால் முதலில் அந்த வகுப்பைப் பாருங்கள். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் அதே கதை, அதனால் பிள்ளையின் வாழ்க்கை தடைப்படுகிறது என்றால் அது வேறு.

என் மகள் குழப்படியே இல்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அவளுக்கும் இருக்குமா?

இருக்கலாம். ஓடித்திரியாமல் கவனம் மட்டும் நழுவும் வகையும் உண்டு. பெண்பிள்ளைகளில் அது அதிகம் தவறவிடப்படுகிறது, காரணம் அவர்கள் யாருக்கும் கரைச்சல் கொடுப்பதில்லை. "கெட்டிக்காரி, ஆனால் கவனமில்லை" என்று வருடாவருடம் ரிப்போட்டில் வந்தால் அந்த வசனத்தை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளர்ப்புப் பிழையா? சீனி கூடக் கொடுத்துவிட்டோமா? ஃபோனா?

வளர்ப்பினால் வருவதில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஏறத்தாழ 70 முதல் 80 வீதம் வரை பரம்பரையின் பங்கு என்று கண்டிருக்கிறார்கள். என் அப்பா பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த குடைகளைச் சேர்த்திருந்தால் புறக்கோட்டையில் ஒரு கடை போட்டிருக்கலாம். அவரை எல்லோரும் "பாவம், மறதிக்காரன்" என்றார்கள். அதே மறதிக்கு எனக்கு அடி விழுந்தது.

சீனி கொடுத்தும் கொடுக்காமலும், பெற்றோருக்கு எது எதுவென்று சொல்லாமலும் பார்த்த ஆய்வுகளில் வித்தியாசம் தெரியவில்லை. பல்லுக்காகக் குறைப்பதென்றால் குறையுங்கள். ஃபோன் எல்லோருடைய கவனத்தையும்தான் தின்கிறது, எங்களுடையதைக் கொஞ்சம் கூட. 2002இல் எங்கள் வீட்டில் இருந்தது சுழற்றும் ஃபோன் ஒன்று மட்டும்.

இது இப்போது வந்த நாகரிக நோய்தானே? எங்கள் காலத்தில் இல்லையே.

லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற சிறுவர் வைத்தியர் இப்படியான பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்தது 1902இல். அமெரிக்காவின் றோட் ஐலண்டில் சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் ஊக்க மருந்தொன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அவர்கள் அடங்கி உட்கார்ந்து பாடம் செய்ததைக் கண்டு எழுதியது 1937இல். இன்று இதற்கு அதிகம் பாவிக்கப்படும் மெதைல்ஃபெனிடேட் என்ற மருந்தை சுவிற்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் முதன்முதலில் தயாரித்தது 1944இல். அவருடைய மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்துதான் அந்த மருந்துக்கு ரிட்டலின் என்ற விற்பனைப் பெயர். ரெனிஸ் விளையாடப் போகுமுன் ரீட்டா அதைப் போட்டுப் பார்ப்பாராம். எங்கள் காலத்தில் இல்லை என்பவர்களிடம் நான் ரீட்டா கதையைச் சொல்வேன். நோயைப் பற்றிய விவாதம் ரெனிஸுக்கு மாறிவிடும், எனக்கும் நிம்மதி.

கொழும்பில் எங்கே காட்டுவது?

பிள்ளை என்றால் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயாட்டி நிலையம் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை, களுபோவில போதனா வைத்தியசாலை ஆகியவற்றின் உளமருத்துவ கிளினிக்குகள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் காசு இல்லை, நேரம்தான் செலவு. தனியாரில் சனல் பண்ணியும், அதாவது காசு கட்டி நேரம் பதிந்தும், பார்க்கலாம். எங்கே தொடங்குவதென்றே தெரியாவிட்டால் 1926க்கு அழையுங்கள். அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. "அங்கொடை" என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அந்தப் பெயரை ஏச்சாகப் பாவித்து வளர்ந்த ஊர் இது, தெரியும். ஃபோனில் பேசினால் ஒருவரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

போகும்போது பழைய ரிப்போட்டுகள், ரீச்சர்மார் கொப்பியில் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும், 12 வயதுக்கு முந்திய கதை அவற்றில்தான் இருக்கும்.

இன்னொன்று, மொழி. உங்கள் சிங்களம் தடுமாறும் என்றால் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, அவருக்கு மரக்கறிக் கடைச் சிங்களம் மட்டும் தெரியும். எனக்குத் தெருச் சிங்களம் நல்லாக வரும். டொக்டர் கேட்டார், நான் அம்மாவிடம் தமிழில் சொன்னேன், அம்மா சொன்னதை நான் டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். அம்மா கண் கலங்க, "ஒரு கொப்பி முழுசா வீட்டுக்கு வாறதில்லை, அடுப்படியில ஒருக்கா நெருப்பும் வைச்சிட்டான்" என்றார். நான் டொக்டரிடம் சொன்னது: "சில நேரம் கொப்பி தொலையுமாம்." நெருப்பு வழியிலேயே அணைந்துவிட்டது. அடுத்த முறை மாமா வந்தார். என்னை வெளியே வாங்கில் இருத்தினார்கள்.

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஏதும் உண்டா?

ஏ.டி.எச்.டி.யைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. கேள்விகள், படிவங்கள், பிள்ளையோடு கதைத்தல், அவ்வளவுதான். ஆனால் கண், காது, நித்திரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள், அதை வீண்வேலை என்று நினைக்கவேண்டாம். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கும் கவனம் சிதறும். பயமும் கவலையும் பிடித்த பிள்ளையும் இதேமாதிரித்தான் தெரியும். போரையும் இடப்பெயர்வையும் கண்ட குடும்பங்களில் இதை டொக்டரிடம் வாய் திறந்து சொல்வது முக்கியம். 2002இல் எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

இந்தக் குளிசை என்னதான் செய்யும்?

மூளையில் டோபமின், நோர்அட்ரினலின் என்று இரண்டு பொருட்கள் சேதி கடத்துகின்றன. வெளிவந்தவுடன் அவை திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். மெதைல்ஃபெனிடேட் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது, அதனால் அவை கொஞ்சம் கூடநேரம் நின்று வேலை செய்கின்றன. சாதாரணக் குளிசை அரை மணி, ஒரு மணிக்குள் பிடிக்கும், மூன்று நான்கு மணித்தியாலத்தில் இறங்கிவிடும். மெதுவாக வெளிவிடும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வரை போகும்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: காலி வீதியில் காலை ஏழரைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸைப் பாருங்கள். நடுவில் இடம் இருக்கும், எல்லோரும் வாசலில் தொங்குவார்கள். குளிசை போடாத நாளில் என் எண்ணங்கள் அப்படித்தான், எல்லாம் வாசலில். போட்டால் கொண்டக்டர் சத்தம்போட்டு ஆட்களை உள்ளே தள்ளியதுபோல் இருக்கும். பஸ் அதே பஸ்தான், ஆட்களும் அதே ஆட்கள்.

அட்டோமொக்செட்டின் என்று இன்னொன்று இருக்கிறது. அது ஊக்க மருந்து வகையைச் சேர்ந்ததில்லை. ஒவ்வொரு நாளும் போட வேண்டும், பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் கூட எடுக்கும். மூன்றாம் நாள் "ஒன்றும் நடக்கவில்லை" என்று நிறுத்திவிட வேண்டாம்.

பிள்ளை அடிமையாகிவிடுவானா? இது ஐஸ் மாதிரியா?

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளும் ஆள் நானில்லை. கொழும்பில் ஐஸ் எந்தெந்த ஒழுங்கைக்குள் வந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஐஸ் என்பது மெதம்ஃபெற்றமின் என்ற போதைப்பொருள். மெதைல்ஃபெனிடேட் வேறு மருந்து, ஆனால் இரண்டும் ஊக்க மருந்துகள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை மறைக்கவேண்டியதில்லை. வித்தியாசம் அளவிலும் வேகத்திலும் இருக்கிறது. வாயால் விழுங்கும் சிறிய அளவு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், போதையின் திடீர் ஏற்றம் அதில் வராது. சிறுவயதில் மருந்து எடுத்த பிள்ளைகள் பின்னர் போதைப் பழக்கத்துக்குப் போவது கூடுகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், கூடவில்லை.

அதேநேரம் இது கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து, காரணத்தோடுதான். உயர்தரச் சோதனைக் காலத்தில் கூட்டாளி வந்து "ஒண்டு தாவன்" என்று கேட்பான். கொடுக்கக் கூடாது. அவனுக்கு இதயத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

பக்கவிளைவுகள்?

பசி குறையும். இதுதான் எல்லோரும் முதலில் காண்பது. அம்மா கட்டித்தந்த இடியப்பமும் சம்பலும் அப்படியே திரும்பி வரும், அவர் என்னை ஏசிவிட்டு அதையே தன் மத்தியானச் சாப்பாடாக்குவார். வழி என்னவென்றால், குளிசைக்கு முன்பே காலைச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுப்பது, மருந்து இறங்கிய பிறகு பின்னேரம் ஒருதரமும் இரவு ஒருதரமும் நல்லாகக் கொடுப்பது. மத்தியானத்தில் மல்லுக்கட்டிப் பலனில்லை.

நித்திரை பிந்தும், முக்கியமாகப் பிந்திய நேரத்தில் போட்டால். தலையிடி, வயிற்றுவலி முதல் கிழமைகளில் வந்து போகலாம். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கொஞ்சம் கூடலாம். ஆகவே தொடங்குமுன் அளக்க வேண்டும், பிறகு ஆறு மாதத்துக்கொருமுறையாவது அளக்க வேண்டும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று மாரடைத்து இறந்திருந்தால், பிள்ளை விளையாடும்போது மயங்கி விழுந்திருந்தால், அதைக் கேட்காமலே சொல்லுங்கள். நீண்டகாலம் எடுக்கும் சில பிள்ளைகளில் உயரம் சிறிது பின்தங்குகிறது, சராசரியாக ஓரிரு சென்ரிமீற்றர். அதனால்தான் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் உயரமும் நிறையும் எழுதுகிறார்கள். எழுதாவிட்டால் கேட்டு எழுதுவியுங்கள். அட்டோமொக்செட்டினில் அரிதாகத் தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. முதல் வாரங்களில் பிள்ளையின் மனநிலையைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். வீட்டை விட்டு ஆறரைக்கு வெளிக்கிடும் பிள்ளை ஆறேகாலுக்குக் குளிசை போடுகிறது. இடைவேளை மணியடிக்கும்போது மருந்து இறங்கிவிடும். அது இறங்கும் நேரத்தில் சிலருக்குக் கண்ணீரும் கோபமும் பழையதை விடக் கூடுதலாக வரும். ஒன்றரைக்கு வந்து, சோற்றை விழுங்கி, மூன்று மணிக்கு ரியூசன். என் வகுப்பு ரீச்சர் கொப்பியில் எழுதியனுப்பியது எனக்கு இப்போதும் பாடம்: "காலையில் சாமி, மத்தியானம் பிசாசு." அம்மா அதற்கு நேர்த்தி வைத்து, செவ்வாய்க்கிழமைகளில் என்னைக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கூட்டிப்போனார். கேட்க வேண்டியதைக் கிளினிக்கில் கேட்கவில்லை: இரண்டாவது குளிசையைப் பள்ளிக்கூடத்தில் யார் கொடுப்பது, அல்லது நீண்டநேர வகை கிடைக்குமா. நீங்கள் கேளுங்கள். அந்தோனியாரிடமும் போங்கள், அது உங்கள் விருப்பம்.

வல்லாரை கொடுத்தால் சரிவராதா? மீனெண்ணெய்?

வல்லாரைச் சம்பல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏ.டி.எச்.டி.க்கு மருந்தென்று நிரூபணம் இல்லை. மீனெண்ணெயில் பலன் இருந்தாலும் அது மிகச் சிறியது. ஆயுர்வேதச் சூரணம் ஏதும் கொடுப்பதென்றால் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

மருந்தில்லாமல் சமாளிக்க முடியாதா?

சிலரால் முடியும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்துக்கு ஓடக்கூடாது. அதற்கு மேலும், வீட்டையும் வகுப்பையும் மாற்றிப் பார்த்த பிறகும் பிள்ளை தடக்குப்பட்டால்தான் மருந்து என்று 2018இல் வந்த பிரித்தானிய வழிகாட்டி சொல்கிறது.

மாற்றுவது என்றால் என்ன? முன் வாங்கு. ஒரே நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. "போய்ப் படி" என்பது கட்டளையே இல்லை. "கணக்குக் கொப்பியை எடுத்து மேசையில் வை" என்பது கட்டளை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரண்டு அறைக்குள் ஐந்து பேர் இருந்தால் தனியறை எங்கே கிடைக்கும்? சுவரைப் பார்த்த மேசை ஒன்றும், ரீவி நிற்கும் ஒரு மணித்தியாலமும் கிடைக்கும். ரியூசனுக்கும் வீட்டுக்கும் இடையில் ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக் கடந்து, கடற்கரையில் அரை மணி ஓட விடுங்கள். ரியூசன்களில் ஒன்றை வெட்டுங்கள். இந்தக் கடைசிப் புத்திமதியை இதுவரை ஒரு அன்ரியும் கேட்டதில்லை.

அமெரிக்காவில் 579 பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்குக் கவனமாகக் கண்காணித்த மருந்து, சிலருக்கு நடத்தைப் பயிற்சி, சிலருக்கு இரண்டும் என்று 14 மாதம் பார்த்த ஆய்வின் முடிவு 1999இல் வந்தது. முக்கிய அறிகுறிகளுக்கு மருந்து நடத்தைப் பயிற்சியைவிட நன்றாக வேலைசெய்தது. ஆனால் மூன்றாம் வருடம் திரும்பிப் பார்த்தபோது குழுக்களுக்கிடையில் அந்த வித்தியாசம் இல்லாமற் போயிருந்தது. மருந்துக்காரரும் எதிர்ப்பவரும் இந்த ஒரே ஆய்வின் பாதியைத்தான் ஆளுக்காள் காட்டுகிறார்கள். முழுவதையும் வாசித்தால் எனக்கு விளங்குவது இதுதான்: தொடங்கிவிட்டு வருடக்கணக்காகத் திரும்பிப் பார்க்காமல் விடும் மருந்தில் நம்பிக்கை வைக்க முடியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது "இன்னும் வேண்டுமா?" என்று டொக்டரோடு இருந்து கேட்க வேண்டும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள் அதற்கு வசதி. டொக்டர் சம்மதித்தால் நிறுத்திப் பார்த்து, வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதலாம்.

குளிசை என்னவென்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா? சின்னப் பிள்ளைதானே.

சொல்லுங்கள். மற்றதெல்லாவற்றிலும் நான் பிழையாக இருக்கலாம், இதில் இல்லை.

எனக்கு அது விற்றமின் என்று சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் தரும் குளிசைகளை அம்மா ஒரு பழைய விற்றமின் போத்தலில் போட்டு வைத்தார். நான்கு வருடம் போட்டேன். 2003இல் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தேன், பத்திரிகையில் படம் வரவில்லை என்றாலும் மாமா கேக் வெட்டினார். 13 வயதில் ஒருநாள் தீப்பெட்டி தேடி முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டபோது அந்தக் கடதாசி உறைகள் அகப்பட்டன. எல்லாவற்றிலும் ஒரே மருந்தின் பெயர், என் பெயர், கிளினிக் இலக்கம். பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நெட் கஃபேக்குப் போனேன். அரை மணிக்கு முப்பது ரூபா. அரை மணி போதுமாயிருந்தது.

அம்மாவோடு சண்டை பிடித்தேன். "உன்ர நல்லதுக்குத்தான் தம்பி குடுத்தனான், நீ பைத்தியம் எண்டு நினைச்சிடுவாயோ எண்டுதான் சொல்லேல்லை" என்றார். நான் நினைத்தது அதில்லை. அந்தப் புள்ளி என்னுடையதா, குளிசையுடையதா என்றுதான் நினைத்தேன். நான் கெட்டிக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்த நான்கு வருடத்தையும் ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோல் இருந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன். சாதாரணதரம் தட்டுத்தடுமாறி, உயர்தரம் மூன்று தரம். ஒவ்வொரு முறையும் விழும்போது ஒரு விசித்திரமான திருப்தி இருந்தது: இது என்னுடைய சொந்தப் புள்ளி.

9 வயதுப் பிள்ளைக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. "உன்ர மூளை வேகமா ஓடுது, பிரேக் கொஞ்சம் லூஸ். இது அதுக்கு உதவும். படிக்கிறது நீதான். பிடிக்கேல்லை எண்டால் எனக்குச் சொல்லு, டொக்டரோட கதைப்பம்." அவ்வளவு போதும். பெயரையும் சொல்லுங்கள், அது பிள்ளையின் உடம்புக்குள் போவது.

பிறகு ஏன் 28 வயதில் நீங்களே கேட்டுப் போட்டீர்கள்?

ஒரு கலியாணக் காட். 500 பிரதிகள், தங்க எழுத்து, தை மாதத்தை ஆனி என்று விட்டுவிட்டேன். புரூப் என் கையால் நான்கு தரம் போயிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் கத்தவில்லை, கதிரையில் இருந்து ஒவ்வொரு காட்டாக எண்ணத் தொடங்கினார். முதலாளி காசை என் சம்பளத்தில் வெட்டினார். அது அந்த வருடத்தில் மூன்றாவது பிழை.

அதன்பிறகு நானே சனல் பண்ணிப் போனேன். டொக்டர் பழைய கதையைக் கேட்டார். "அந்தப் புலமைப்பரிசில் புள்ளி என்னுடையதா?" என்று, வெட்கத்தை விட்டு, 15 வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். அவர் சிங்களத்தில் சொன்னது: "குளிசைக்கு நெடும்பிரித்தல் தெரியுமா?"

இப்போது வேலை நாட்களில் போடுகிறேன், ஞாயிறு இல்லை. என் டொக்டரோடு பேசி எடுத்த ஏற்பாடு இது, எல்லோருக்கும் பொருந்தாது. குடை இப்போதும் தொலைகிறது.

மருந்து தட்டில்லாமல் கிடைக்குமா?

எப்போதும் இல்லை. 2022 நெருக்கடியில் நாட்டில் பல மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது, நானும் மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பாமசி பாமசியாக அலைந்தேன். தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கற்றது: கையில் இரண்டு கிழமைக்கு இருக்கும்போதே தேடத் தொடங்க வேண்டும். அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவில் முதலில் கேட்டுப் பாருங்கள். துண்டின் மூலப்பிரதி வேண்டும், ஃபோனில் எடுத்த படம் செல்லாது. கிடைக்கவில்லை என்று ஃபேஸ்புக்கில் யாரிடமும் வாங்க வேண்டாம்.

கலியாணம் பேசும்போது சொல்ல வேண்டுமா?

தரகருக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டப்போகிறவருக்குச் சொல்ல வேண்டும், கலியாண எழுத்துக்கு முதல். போத்தல் மாற்றிய கதை ஒரு வீட்டில் ஒருதரம் போதும்.

வெளிநாடு போகும்போது கொண்டுபோகலாமா?

டொக்டரின் கடிதத்தோடு, மருந்தின் சொந்தப் பெட்டியில். டுபாய் போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். ஜப்பானில் அம்ஃபெற்றமின் உள்ள மருந்துகள் டொக்டர் கடிதம் இருந்தாலும் தடை. வெளிக்கிடுமுன் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள்.

எனக்கு 13 வயது. அம்மா தரும் குளிசையை யன்னலால் எறிகிறேன். பிழையா?

இதை ஒரு பெடியன் தாயின் ஃபோனிலிருந்து அனுப்பியிருந்தான். தம்பி, நான் எறிந்தது மூன்றாம் மாடியிலிருந்து, கீழே ஒருவருடைய கறிவேப்பிலைச் சாடிக்குள். எறிவதில் ஒரு சிக்கல் இருக்கிறது: நீ போடுகிறாய் என்று நினைத்து டொக்டர் "வேலை செய்யவில்லை" என்று அளவைக் கூட்டுவார். வேறு சில மருந்துகள் இருக்கின்றன, குளோனிடின் போல, திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஏறும். ஆகவே உன் மருந்தின் பெயரை முதலில் தெரிந்துகொள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரோடு ஐந்து நிமிடம் தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேள். அந்த வயதில் கேட்கலாம். அவரிடம் சொல்: ஏன் பிடிக்கவில்லை. பசி இல்லையா, கூட்டாளிமாரோடு சிரிப்பு வருவதில்லையா, நான் நானில்லை மாதிரி இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது என்றால் அளவு கூடியிருக்கலாம், அதைக் குறைக்க முடியும். பிறகு ஒரு கொப்பி எடு. போட்ட கிழமை, போடாத கிழமை என்று டொக்டர் சொல்கிறபடி பிரித்து, ஒவ்வொரு நாளும் நீயே மூன்று வரி எழுது. அம்மா எழுதக் கூடாது, ரீச்சர் எழுதக் கூடாது. கொப்பி தொலைந்துபோகும், அது நிச்சயம், ஆகவே இரண்டு வாங்கு.